பழைய போட்டோவில் நிற்கும் கார் எது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதித் தரச் சொன்னதும் என்ன எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். பெரிய விஷயங்களை எழுத எனக்கு அனுபவம் போதாது. ஆனால் ஒரு பழைய போட்டோவையும், அதில் நிற்கும் ஒரு காரையும் பற்றி ஒரு வருடமாக ஆராய்ந்திருக்கிறேன். அதையே எழுதுகிறேன்.

போட்டோ கருப்பு வெள்ளை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்தது. பின்னால் ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிவதால் ஊரில் சந்தேகம் இல்லை. ராஜபாளையத்தில் மில் தொழிலாளியாக இருந்த எங்கள் தாத்தா, யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு, ஒரு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்தபடி நிற்கிறார். தாத்தாவுக்கு இருப்பது இந்த ஒரு படம்தான். பின்பக்கம் தேதியும் இல்லை, பெயரும் இல்லை.

அந்தக் குழந்தை யார் என்பதுதான் எங்கள் வீட்டில் கேள்வி. 1972-ல் பிறந்து 1975-ல் காய்ச்சலில் இறந்துபோன மூத்த பையன் என்று அப்பத்தா சொல்லும். என் அப்பா பிறந்தது 1980. “அது நானாக இருக்கலாமே” என்று அப்பா ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “போடா, பெத்தவளுக்குத் தெரியாதா?” என்று அப்பத்தா வாயை அடைத்துவிட்டது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து அந்தப் படத்துக்கு முன்னால்தான் விளக்கு ஏற்றுவோம்.

இந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடியது அந்தக் கார் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் பெயர்

வண்டிக்குப் பெயர் வைப்பதிலேயே வீட்டில் மூன்று கட்சி. அப்பத்தாவுக்கு அது ‘பிளசர்’. அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் எந்தக் காரானாலும் பிளசர்தான். பிளஷர் கார் என்பதன் சுருக்கம் அது. அப்பா ‘வேன்’ என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேலை பழகும் ஒர்க் ஷாப் அண்ணாச்சி பார்த்தவுடன், “ஏலே, இது ஸ்டேஷன் வேகன்லா!” என்றார்.

ஸ்டேஷன் வேகன் என்றால் போலீஸ் ஸ்டேஷன் வண்டி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது தவறு. அமெரிக்காவில் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கும் ஆட்களையும் பெட்டி படுக்கைகளையும் ஏற்றிப் போக, காரின் சேஸிஸ் மேல் மரத்தால் பாடி கட்டினார்கள். அதிலிருந்து வந்த பெயர் இது. அதே வண்டிக்கு இங்கிலாந்தில் எஸ்டேட் கார் என்று பெயர். வேட்டைக்குப் போகும் பணக்காரர்கள் ஷூட்டிங் பிரேக் என்றார்கள். பிரான்சில் பிரேக், ஜெர்மனியில் கோம்பி. இத்தாலியில் ஃபியட் கம்பெனி ஃபமிலியாரே, அதாவது குடும்ப வண்டி என்று பெயர் வைத்தது. 1946-ல் வந்த வில்லிஸ் ஜீப் ஸ்டேஷன் வேகன் முழுக்க இரும்புத் தகட்டால் ஆனது. அதற்குப் பிறகும் இங்கிலாந்தின் மோரிஸ் மைனர் டிராவலர் 1971 வரை பின்பக்கம் மரச்சட்டத்தோடுதான் வந்தது.

அடையாளம் எளிது. சாதாரணக் காரில் பின் கண்ணாடியோடு கூரை சரிந்து, டிக்கி தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டேஷன் வேகனில் கூரை நேராகப் பின் முனை வரை ஓடும். பின் கதவுக்கு அப்புறமும் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி இருக்கும். சாமான் வைக்கும் இடம் ஆட்கள் உட்காரும் இடத்தோடு சேர்ந்தே இருக்கும். பக்கக் கண்ணாடி இல்லாமல் தகடு அடித்திருந்தால் அது சரக்கு வேன். நம் நாட்டில் 1992-ல் டாடா எஸ்டேட், அதன் பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, 2004-ல் டாடா இண்டிகோ மரீனா என்று பிறகும் இந்த வகை வந்தன. ஆனால் டிக்கி தனியாக இருந்தால்தான் கார் என்று நினைக்கும் நம் ஆட்களிடம் எடுபடவில்லை.

பிறகு கம்பெனி

பழைய போட்டோவில் காணும் இந்தியக் கார்களில் பெரும்பாலானவை மூன்று கம்பெனிகளில் அடங்கிவிடும் என்றார் அண்ணாச்சி. உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் இருந்த பிரீமியர், நம் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்ட்.

உருண்டு திரண்ட மட்கார்டும் குமிழ் போன்ற கூரையும் இருந்தால் அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையைப் பார்த்துச் செய்தது. 1957-ல் தொடங்கி 2014-ல் நின்றது. அதற்கு முன்னால் 1954-ல் வந்தது லேண்ட்மாஸ்டர். உருவம் சிறியதாக, பெட்டி மாதிரி, பின்னால் லேசாக வால் தூக்கியிருந்தால் ஃபியட். அதுதான் பின்னாளில் பிரீமியர் பத்மினி ஆனது. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறந்தால் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961-ல் வந்தது. முதலில் இரண்டு கதவுதான், 1968-ல் நான்கு கதவு வந்தது. ஹெரால்டிலும் ஸ்டேஷன் வேகன் உண்டு. அதனால் நான் முதலில் நம் படத்தில் இருப்பதும் ஹெரால்டுதான் என்று தப்புக் கணக்குப் போட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது முன்பக்கம் முழுக்க அம்பாசிடர். பின்பக்கம் மட்டும் நீண்டிருக்கிறது. அம்பாசிடரை அப்படி நீட்டி ஆம்புலன்சாக ஓட்டியதை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

பிறகு வருடம்

அம்பாசிடர் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் மூஞ்சியில் இருக்கிறது. 1962-ல் வந்த மார்க் 2-ல் கிரில் முழுக்க நெருக்கமான சின்னச் சின்னக் கட்டங்கள். 1975-ல் வந்த மார்க் 3-ல் படுக்கைக் கம்பிகள். 1979-ல் வந்த மார்க் 4-ல் கிரில் சிறிதாகி, கட்டங்கள் பெரிதாகி, ஹெட்லைட்டுக்குக் கீழே சதுரமான பார்க்கிங் விளக்கு தனியாக வந்தது. நம்பர் பிளேட்டும் உதவும். டி.என். என்று போட்டு இரண்டு இலக்கம் வரும் இன்றைய முறை 1989-க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் மூன்று எழுத்து. எங்கள் படத்தில் நம்பர் பிளேட்டைத் தாத்தாவின் வேட்டி மறைத்துவிட்டது. ஆனால் ஹெட்லைட்டும் அதன் கீழே உள்ள சதுர விளக்கும் தெளிவாக இருக்கின்றன.

இங்கே ஒரு முக்கியமான விஷயத்தை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கார் சொல்வது ‘இதற்கு முன்னால் இல்லை’ என்பதை மட்டும்தான். ‘இதற்குப் பின்னால் இல்லை’ என்று அது சொல்லாது. நம் ஊரில் ஒரு காரை முப்பது வருடம் கூட ஓட்டுவார்கள். ஆகவே மார்க் 4 நிற்கும் படம் 1979-லும் எடுத்திருக்கலாம், 2009-லும் எடுத்திருக்கலாம். அடுத்த எல்லையை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். தாத்தா இறந்தது 1984. ஆக, படம் 1979-க்கும் 1984-க்கும் நடுவில் எடுத்தது.

“பழைய வண்டிக்குப் புது மூஞ்சி மாட்டியிருந்தால்?” என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். “மாட்டுவான்தான். ஆனா அந்த மூஞ்சி செஞ்ச பெறகுதானலே மாட்ட முடியும்?” என்றார். சரிதான். எப்படிப் பார்த்தாலும் 1979-க்கு முன்னால் போக வழியில்லை. 1975-ல் இறந்த பெரியப்பா அந்தப் படத்தில் இருக்க முடியாது. 1976-ல் பிறந்த அத்தைக்கு அப்போது வயது கூடுதல். தாத்தாவின் இடுப்பில் இருப்பது என் அப்பாதான்.

கணக்கு முடிந்தது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அப்பாவிடம் சொன்னதும் படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தாத்தாவின் முகம் அவருக்கு ஞாபகத்தில் இல்லை. தன்னைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று 44 வயதில்தான் தெரிந்துகொண்டார். “அப்பத்தாகிட்ட சொல்லிராதடா” என்றார். ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் சின்ன வீட்டில் எதையும் மறைக்க முடியாது. இரண்டாம் நாள் அப்பத்தாவே கேட்டது. விளக்கையும் கிரில்லையும் காட்டி, வருடத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப அவனுக்குன்னு ஒரு படமும் இல்லையாய்யா?” என்றது. எந்தப் புத்தகத்திலும் அதற்கு எனக்குப் பதில் இல்லை.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு அப்பத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு சின்ன வெள்ளி அரைஞாண் கொடியை எடுத்துத் தாத்தா படத்துக்குப் பக்கத்தில் வைத்தது. அது பெரியப்பாவுடையது. அப்படி ஒன்று வீட்டில் இருப்பது அப்பாவுக்கே தெரியாது. படத்தின் நகல் ஒன்றை அப்பா சட்டம் போட்டு முன் அறையில் மாட்டியிருக்கிறார்.

நண்பர்களே! இன்று கைப்பேசியில் எடுக்கும் படத்தில் தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடுகின்றன. நம் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் கிடக்கும் படங்களுக்கு அந்த வசதி இல்லை. இந்த விடுமுறையில் ஊருக்குப் போனதும் அவற்றை எடுத்து, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, பின்பக்கம் பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். காரைக் கேட்டால் வருடத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது.

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை