உண்ணி யாரைத் தேடிப் போகிறது?

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு உண்ணியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காது மடலிலும் கால் விரல் இடுக்கிலும் மொச்சைக் கொட்டை போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்ததும் எழுகின்ற முதல் கேள்வி, "இது நம்மைக் கடித்தால் நமக்கும் நோய் வருமா?" என்பதுதான். வரும், வராது என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. அது எந்த இன உண்ணி, எந்தப் பிராணியின் இரத்தத்தைக் குடித்து வளர்ந்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

உண்ணியைப் பூச்சி என்று பலர் நினைக்கிறார்கள். அது சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு. அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கவும் தெரியாது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டியபடி காத்திருக்கும். பிராணிகள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை மோப்பம் பிடிக்கும் உறுப்பு அந்த முன்னங்கால்களிலேயே இருக்கிறது.

காட்டு உண்ணிகளில் பெரும்பாலானவை குஞ்சுப் பருவம், இளம்பருவம், முதிர்பருவம் என ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை வயிறு முட்ட இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழும். அடுத்த பருவத்தில் வேறொரு பிராணியின் மேல் ஏறும். நோய் கைமாறுவது இந்த இடத்தில்தான். எலியிடம் குடித்த கிருமியைக் குரங்கிடமும், குரங்கிடம் குடித்ததை மனிதனிடமும் அது சேர்த்துவிடும்.

மாட்டு உண்ணிக்கு இந்த அலைச்சல் இல்லை. ஏறிய மாட்டிலேயே வளர்ந்து, முட்டையிட மட்டும் தரைக்கு இறங்கும். ஆனாலும் கிருமி தப்பிப் பிழைக்கிறது, தாய் உண்ணியின் முட்டை வழியாகவே குஞ்சுகளுக்குப் போய்விடுகிறது. மாட்டின் சிறுநீர் சிவப்பாகப் போகும் பபீசியா நோய் இப்படித்தான் பரவுகிறது. அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் 1893ஆம் ஆண்டு இதை நிரூபித்து வெளியிட்டார்கள். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் கண்டது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1897இல்!

நம் வீட்டு நாயின் பழுப்பு உண்ணி மூன்று பருவத்திலும் நாயையே விரும்பித் தேடும். எர்லிக்கியா என்ற கிருமியை நாய்க்குத் தரும். நாய்க்குக் காய்ச்சல் வரும், இரத்தத் தட்டணுக்கள் குறையும், சில சமயம் மூக்கில் இரத்தம் வடியும். மனிதரை இது கடிப்பது குறைவு. கடிக்கவே கடிக்காது என்று சொல்வதற்கில்லை. மத்தியதரைக்கடல் நாடுகளில் மனிதருக்குப் புள்ளிக் காய்ச்சலைக் கொண்டு வருவது நாய் உண்ணிதான்.

காட்டுக்குள் போனால் கதை வேறு. 1956ஆம் ஆண்டு சிலாங்கூரில், உலு லங்காட் காட்டு எலிகளின் மேலிருந்த உண்ணிகளில் ஒரு வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு லங்காட் வைரஸ் என்றே பெயர். இயற்கையாக அந்த வைரஸ் தொற்றி மனிதர் நோயுற்றதாகத் தகவல் இல்லை. சாது என்று நம்பி, சோவியத் நாட்டில் உண்ணி மூளைக்காய்ச்சலுக்கு இதையே தடுப்பு மருந்தாகப் பல இலட்சம் பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 18,500 பேரில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வந்ததால் அந்த முயற்சி கைவிடப்பட்டது. ஆக, அந்த வைரஸ் அப்படியொன்றும் சாது அல்ல. அதைச் சுமக்கும் உண்ணி எலியோடு நின்றுவிடுவதால்தான் நாம் தப்பித்திருக்கிறோம்.

மறு ஆண்டே, 1957இல், இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வைரஸ் வேறு முகத்தைக் காட்டியது. இந்தியாவில், இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் என்ற காடு இருக்கிறது. அங்கே குரங்குகள் வரிசையாகச் செத்து விழுந்தன. அக்கம்பக்கக் கிராமத்து மக்களும் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்றுகூட முதலில் அஞ்சினார்கள். பூனாவிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் வந்து பார்த்தபோது, அது அதுவரை அறியப்படாத வைரஸ் என்றும், உண்ணி வழியாகப் பரவுகிறது என்றும் தெரிந்தது.

அங்குள்ள உண்ணி எலியோடு நிற்பதில்லை. அதன் குஞ்சும் இளம்பருவமும் எலி, பறவை, குரங்கு, மனிதர் என்று கிடைத்தவர் மேலெல்லாம் ஏறும். குரங்கு செத்ததும் அதன் உடலிலிருந்து இறங்கும் உண்ணிகள் அந்த இடத்திலேயே பரவிக் கிடக்கும். விறகு பொறுக்கப் போகிறவரும் மாடு மேய்க்கிறவரும் அதை மிதித்துக்கொண்டு நடப்பார்கள்.

இதில் மாட்டின் பங்கு விசித்திரமானது. மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் வளர்ந்த உண்ணிகளுக்கு விருந்து வைப்பது மாடுதான். காட்டை வெட்டி வயலாக்கினார்கள், மாடுகளைக் காட்டோரம் மேய விட்டார்கள், உண்ணி பெருகியது. வெட்டிய இடத்தில் மண்டிய புதர்களும் அதற்கு நல்ல புகலிடமாயின. அவற்றுள் ஒன்றை நாம் உண்ணிச்செடி என்கிறோம். என்ன பெயர்ப் பொருத்தமோ!

இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து இல்லை. முன்பு போடப்பட்ட தடுப்பூசியும் போதிய பலன் தராததால் நிறுத்தப்பட்டுவிட்டது. 2012க்குப் பிறகு நீலகிரி, வயநாடு, கோவா, மகாராஷ்டிரம் என்று இந்நோய் புதிய இடங்களிலும் தலைகாட்டியிருக்கிறது.

உண்ணி கடித்துக்கொண்டிருப்பதைக் கண்டால் மண்ணெண்ணெய் ஊற்றுவதோ, சிகரெட்டால் சுடுவதோ, விரலால் நசுக்குவதோ கூடாது. சிறிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், கடித்த நாளை மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காட்டிலா, மாட்டுக் கொட்டகையிலா, நாய்க் கூண்டருகிலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.