பழைய பிஸ்டனை எறிய முன்

கரையோரக் கிராமங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. கடலில் இறுகி நின்ற எஞ்சினோடு ஒரு படகை இன்னொரு படகு கட்டியிழுத்து வருகிறது. மறுநாள் எஞ்சினைக் கழற்றிப் புதுப் பிஸ்டனும் றிங்கும் போடுகிறார்கள். பழையது வாடிக்குப் பின்னால் போகிறது. சில நாட்களில் அதே எஞ்சின் மீண்டும் இறுகுகிறது. முதற் பிஸ்டனுக்குப் பட்ட கடனே இன்னும் தீர்ந்திருக்காது. சோளகக் காற்றில், பக்கத்தில் வேறு படகில்லாத வேளையில் இது நடந்தால் இழப்பது பணம் மட்டுமல்ல.

பிஸ்டன் பழுதாவது காய்ச்சலைப் போன்றது. காய்ச்சல் நோயன்று, நோயின் அடையாளம். நோயைக் காணாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை. ஆகவே பழைய பிஸ்டனை எறிய முன் அதைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம்.

இரண்டடிப்பு எஞ்சினில் பிஸ்டனுக்கெனத் தனி ஒயில் தொட்டி இல்லை. எரிபொருளோடு வரும் ஒயிலே பிஸ்டனைக் காக்கிறது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உட்சுவர் பெரும்பாலும் இரும்பு. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒயில் குறைந்தாலோ சூடு கூடினாலோ இடைவெளி அற்று, பிஸ்டன் சுவரோடு உரசி ஒட்டிக்கொள்கிறது.

காயங்கள் சொல்பவை:

1. சுற்றிவரக் கீறல்: ஒயில் போதவில்லை.

2. நான்கு இடங்களில் மட்டும் கீறல்: பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்துள்ளது. எஞ்சின் சூடேற முன் முழு வேகம் கொடுத்திருக்கலாம். அல்லது குளிர்நீர் ஓடவில்லை. தண்ணீர்ப் பம்பியின் றப்பர்ச் சில்லையும், சாதாளையோ பிளாஸ்ரிக் பையோ அடைத்த துவாரத்தையும் பாருங்கள்.

3. புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் கீறல்: பெரும்பாலும் காற்றுக் கூடி எரிபொருள் குறைந்துள்ளது. காபரேற்றர் ஜெற் அடைப்பு, காஸ்கற் அல்லது கிராங்க் சீல் வழியே காற்றுக் கசிவு என்பவற்றைத் தேடுங்கள்.

4. தலை விளிம்பு கறையான் அரித்ததுபோல் இருத்தல்: எரிபொருள் தட்டி வெடித்துள்ளது. பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் இது நேரும்.

5. தலையின் நடுவே உருகிய ஓட்டை: அளவுமீறிய சூடு. பிளக்கின் இலக்கத்தையும் தீப்பொறி நேரத்தையும் சோதியுங்கள்.

காரணத்தைக் கண்டு அதைத் திருத்திய பின்னரே புதுப் பிஸ்டனைப் பற்றி நினைக்க வேண்டும்.

சிலிண்டர்ச் சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்கினால் கடைச்சல் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு கொண்டுபோய், அதற்கு அளவாகக் கடையச் சொல்லுங்கள். கடைந்தபின் துவாரங்களின் கூர் விளிம்புகளைச் சற்று மழுக்காவிட்டால் றிங் சிக்கி உடையும்.

கிராங்க் அறைக்குள் விழுந்த அலுமினியத் துகள்களை முற்றாகக் கழுவுங்கள். அவை தங்கினால் பெயரிங் போய்விடும். றிங்கைத் தனியே சிலிண்டருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியை அளந்து கைநூலோடு ஒப்பிடுங்கள். றிங்கின் வாய் பிஸ்டன் காடியிலுள்ள சிறு ஊசிக்கு நேரே இருக்கட்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதைக் கைநூலில் பாருங்கள். வழக்கமாக அது புகைப் பக்கம். கழற்றிய பூட்டுக் கம்பிகளை மீண்டும் போடாதீர்கள்.

முதற் சில மணித்தியாலங்கள் கைநூல் சொல்லும் கூடுதல் ஒயிலோடு, முழு வேகமின்றி ஓட்டுங்கள். மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் இயக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள். சூடேறாத எஞ்சினில் ஆவியாகாத மண்ணெண்ணெய் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிவிடும்.

2022 ஆவணியில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அத்தகைய நெருக்கடியில் ஒயிலிலாவது மிச்சம் பிடிப்போம் என்று ஒருவர் எண்ணுவதை நாம் குறைசொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50க்கு 1 கலக்கும் எஞ்சினில் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர் ஒயில் வேண்டும். பாதியாகக் குறைத்தால் மிஞ்சுவது 200 மில்லிலீற்றர், அதாவது ஒரு தேநீர்க் குவளை அளவு. அதற்காகப் பிஸ்டனையும், கடைச்சற் கூலியையும், தொழிலற்ற நாட்களையும் ஈடுவைக்கிறோம்.

ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கமும் பழுதான பிஸ்டன்களைச் சேர்த்து, காரணத்தைச் சீட்டில் எழுதிக் கட்டி, சுவரில் தொங்கவிடலாம். செலவில்லாத பாடசாலை அது. ஒருவர் கடலில் பட்ட துன்பத்தை இன்னொருவர் கரையிலேயே கற்றுக்கொள்ளட்டும்.