பிளாரன்ஸ்: வங்கியாளர் வளர்த்த கலை நகரம்

இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்குக் குழுவாகச் செல்வோர் பெரும்பாலும் மறுமலர்ச்சிக் காலக் கலைச் செல்வங்களைக் காணவே செல்கின்றனர். அவற்றுள் பலவற்றைப் பொருள் கொடுத்துப் படைக்கச் செய்தவர்கள் வங்கியாளர்களே. அக்கதையை அறிந்து சென்றால் நாம் காணும் ஓவியங்கள் மேலும் பொருள் தரும்.

1252ஆம் ஆண்டு பிளாரன்ஸ் வெளியிட்ட ஃபுளோரின் என்னும் பொற்காசு ஏறத்தாழ 3.5 கிராம் எடை கொண்டது. அதன் தூய்மையை நம்பி ஐரோப்பா எங்கும் ஏற்றுக்கொண்டனர். நகரின் வங்கித் தொழில் தழைத்தது. ஆயினும் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவமெனக் கருதியது. எனவே, ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியை ஆலயப் பணிக்கு அளித்துப் பரிகாரம் தேட வங்கியாளர்கள் முற்பட்டனர். குடும்பப் பெருமையை நிலைநாட்டும் விருப்பமும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

இவ்வரலாற்றை மூன்று இடங்களில் நடந்தே காணலாம்.

முதலாவது, ஓர்சான்மிக்கேலே ஆலயம். இதன் புறச்சுவர் மாடங்களில் ஒவ்வொரு தொழிற்குழுவும் தன் காவற்புனிதரின் சிலையை நிறுவியது. நாணயம் மாற்றுவோர் குழு, முன்னாள் வரி வசூலிப்பவரான புனித மத்தேயுவின் வெண்கலச் சிலையைக் கிபெர்த்தி என்ற சிற்பியைக் கொண்டு அமைத்தது. மூலச் சிலை இன்று மேல்தள அருங்காட்சியகத்தில் உள்ளது.

இரண்டாவது, சாந்தா குரோச்சே ஆலயம். இங்கு பார்தி, பெருத்சி ஆகிய வங்கிக் குடும்பங்களின் சிற்றாலயங்கள் அடுத்தடுத்து உள்ளன. இரண்டிலும் ஜோத்தோ தீட்டிய சுவரோவியங்களைக் காணலாம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டுக்கு அளித்த பெருங்கடன் திரும்பாமற் போனது, 1340களில் இவ்விரு வங்கிகளும் வீழ்ந்ததற்குரிய காரணங்களுள் ஒன்று.

மூன்றாவது, உஃபீத்சி கலைக்கூடம். போத்திச்செல்லியின் 'வீனஸின் பிறப்பு' ஓவியத்தைக் காணக் கூட்டம் கூடும் இங்கே, போர்த்தினாரி பலிபீட ஓவியத்தின் முன்பும் சற்று நிற்க வேண்டும். 1397இல் தொடங்கப்பட்ட மெதிச்சி வங்கியின் புரூஜ் கிளைத் தலைவர் தொம்மாசோ போர்த்தினாரி, குடும்பத்தோடு மண்டியிட்டிருப்பதை அதில் காணலாம். பர்கண்டிக் கோமகனுக்கு அவர் அளவின்றி வழங்கிய கடனால் அக்கிளை பெருநட்டமுற்று மூடப்பட்டது. 1494இல் மெதிச்சி வங்கியே மறைந்தது. ஒருவருக்கே கடன் குவிவதன் ஆபத்து, வங்கிப் பணியில் உள்ள எங்களுக்கு இன்றும் உரிய பாடம்.

வங்கிகள் மறைந்தும் கலை நிலைத்ததற்கு, மெதிச்சி குடும்பத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசாவும் காரணம். குடும்பக் கலைச் செல்வம் பிளாரன்ஸை விட்டு வெளியேறக் கூடாது என்று 1737ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவர் நிபந்தனை விதித்தார்.

பயணம் மேற்கொள்வோர் கவனத்திற்கு: ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை. உஃபீத்சிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. குழுவினர் முன்பதிவு செய்துகொள்வது நலம். யூரோ இருப்புள்ள பயண அட்டையைப் பயன்படுத்தும்போது, இயந்திரம் ரூபாயா, யூரோவா என்று வினவினால் யூரோவையே தெரிவு செய்யுங்கள். தேவையற்ற மாற்றுச் செலவு தவிர்க்கப்படும்.