கடல் கடந்த சிகிச்சையும் ஊரார் திரட்டிய நிதியும்

கனடா தேசத்தின் மேற்குப் பகுதியில் ஸஸ்காச்சுவான் என்றொரு மாகாணம் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல்கள் பரந்து கிடக்கும் பூமி அது. அங்குள்ள உழவர்கள் 1924-ஆம் ஆண்டில் கோதுமைக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கித் தம் விளைச்சலைத் தாமே ஒன்றுகூடி விற்கத் தலைப்பட்டனர் என்பதை நம் அங்கத்தினரில் பலர் அறிந்திருக்கலாம். வைத்தியத்துக்கும் அவர்கள் அதே வழியைக் கையாண்டனர் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. 1914-ஆம் ஆண்டிலேயே ஸார்னியா என்னும் கிராமப்புற வட்டாரம், தன் வைத்தியர் ஊரைவிட்டுப் போய்விடாதிருக்கும் பொருட்டு, ஆண்டுக்கு 1,500 டாலர் பொதுப் பணத்திலிருந்து கொடுக்க முன்வந்தது. 1947-இல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைச் செலவுக்கான காப்புத் திட்டம் வந்தது. 1962 ஜூலை முதல் தேதியன்று வைத்தியர் கட்டணத்தையும் பொது நிதியே ஏற்றது. அதை எதிர்த்து வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, மக்கள் பல ஊர்களில் கூட்டுறவு முறையில் மருத்துவ நிலையங்களை நிறுவிக்கொண்டனர்.

நோயின் சுமையைப் பலர் தோளில் பகிர்ந்து தாங்கப் பழகிய இம்மக்களை, 2009-ஆம் ஆண்டுக்குப் பின் கடினமானதொரு கேள்வி எதிர்கொண்டது. பொது நிதி ஏற்காத ஒரு சிகிச்சையைத் தேடிப் பிற தேசம் செல்ல விரும்பும் நோயாளிக்கு ஊரார் பணம் திரட்டித் தரலாமா? அக்கேள்விக்குக் கிடைத்த விடை நமக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

நோயின் தன்மை

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ். பாரிஸ் நகரின் ஸால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்னும் வைத்தியர் 1868-இல் இதன் இலக்கணத்தைத் தெளிவாக வகுத்துரைத்தார். நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்கி அரித்துவிடுவதே இந்நோய். கஞ்சி உதிர்ந்த பாவு நூல் தறியில் எவ்வாறு நலிந்து அறுகிறதோ, அவ்வாறே உறை இழந்த நரம்பும் நலிகிறது. பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், காரணமின்றிக் களைப்பு மேலிடும். பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையே, குடும்பப் பாரத்தைச் சுமக்க வேண்டிய பருவத்தில், ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பற்றுகிறது. இந்நோய் மிகுந்து காணப்படும் தேசங்களுள் கனடாவும் ஒன்று.

பலருக்கு இந்நோய் விட்டு விட்டு வருவது. சில வாரங்கள் வருத்தும், பின் தானே தணியும், மீண்டும் தலைகாட்டும். வேறு சிலருக்கோ இடைவிடாது முற்றிக்கொண்டே போகும். விட்டு விட்டு வரும் வகைக்கு 1993-ஆம் ஆண்டு முதல் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. தொடக்கத்திலிருந்தே முற்றும் வகைக்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து 2017-ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆகவே 2009-இல் நாளுக்கு நாள் கால் வலுவிழந்துகொண்டிருந்த ஒருவர், தம் வைத்தியரிடமிருந்து நம்பிக்கை தரும் சொல் எதனையும் கேட்க இயலாத நிலையில் இருந்தார். இதனை மறந்துவிட்டுப் பின் நிகழ்ந்தவற்றை எடைபோடுவது நியாயமாகாது.

நம்பிக்கை பிறந்த விதம்

இத்தாலி தேசத்தின் ஃபெராரா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாவ்லோ ஸம்போனி இரத்தக் குழாய் வைத்திய நிபுணர். அவருடைய மனைவியும் இந்நோய்க்கு ஆளானவர். மூளையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கழுத்துச் சிரைகள் குறுகியிருப்பதே நோய்க்கு ஏதுவாகலாம் என்றும், அவற்றினுள் சிறு பலூனைச் செலுத்தி விரித்தால் நோய் தணியலாம் என்றும் அவர் கருதினார். 65 நோயாளிகளிடம் செய்து பார்த்ததன் விளைவை 2009-இல் வெளியிட்டார். அதே ஆண்டு நவம்பரில் கனடாவின் தொலைக்காட்சியில் அச்செய்தி ஒளிபரப்பாயிற்று. ‘விடுதலைச் சிகிச்சை’ என்ற பெயரும் அதற்கு ஏற்பட்டது.

கனடாவின் மருத்துவமனைகள் போதிய சான்று இல்லை என்று கூறி இச்சிகிச்சையை அளிக்க மறுத்தன. நோயாளிகள் காத்திருக்கவில்லை. போலந்து, மெக்ஸிக்கோ, கோஸ்டரிக்கா முதலிய தேசங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் பயணமாயினர். நம் இந்தியாவுக்கும் வந்தனர். பயணமும் சிகிச்சையும் சேர்ந்து பல்லாயிரம் டாலர் செலவாயின. சிலர் வீட்டை ஈடு வைத்தனர். சிலர் முதுமைக்கெனச் சேமித்ததை எடுத்தனர். ஊரார் பொது மண்டபங்களில் விருந்து வைத்தும், பரிசுச் சீட்டு விற்றும், அண்டை அயலாரிடம் உண்டியல் ஏந்தியும் உதவினர். அந்த உதவியில் கள்ளம் ஏதுமில்லை. அண்டை வீட்டுப் பெண்மணி ஊன்றுகோலுடன் போராடுவதைக் கண்டவர், கையிலிருந்ததைக் கொடுத்தார்.

திரும்பி வந்தவர்களில் பலர், கை கால்களில் சூடு பரவியதென்றும் களைப்பு நீங்கியதென்றும் உண்மையாகவே உணர்ந்து கூறினர். சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பியவர்களும் பலர். கோஸ்டரிக்காவில் சிகிச்சை பெற்ற கனடியர் ஒருவர் 2010-இல் உயிரிழந்தார். மரணம், பக்கவாதம், சிரையினுள் வைத்த உலோகக் குழல் இடம் பெயர்தல், நரம்புச் சேதம் ஆகியவை இச்சிகிச்சையைத் தொடர்ந்து நேர்ந்துள்ளன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012 மே மாதம் எச்சரித்தது.

சோதனையின் தீர்ப்பு

விட்டு விட்டு வரும் நோயில் ஒரு சிகிச்சையின் பலனை எவ்வாறு அறிவது? உழவர்க்கு இது புதிதன்று. புது உரத்தை வயல் முழுவதும் இட்டு, அவ்வாண்டு மழையும் நன்றாகப் பெய்துவிட்டால், விளைச்சல் உரத்தால் வந்ததா மழையால் வந்ததா என்று சொல்ல இயலாது. உரமிடாத பாத்தி ஒன்றை விட்டுவைத்தவனே விடை அறிவான். வைத்தியத்திலும் அவ்வாறே, ஒரு பகுதியினருக்குச் சிகிச்சையும் மற்றொரு பகுதியினருக்கு அதைப்போன்ற போலிச் செயலும் செய்து, யாருக்கு எது நடந்ததென்று நோயாளியும், பலனைக் கணிப்பவரும் அறியாதபடி சோதித்தல் வேண்டும்.

நோயாளிகளின் இடையறாத வற்புறுத்தலால் அரசுகள் இச்சோதனைக்குப் பணம் ஒதுக்கின. ஸஸ்காச்சுவான் அரசு, தன் குடிமக்கள் 86 பேர் அமெரிக்காவில் ஆல்பனி நகரத்துச் சோதனையில் பங்குபெற 2012-இல் 22 இலட்சம் டாலர் அளித்தது. போதிய எண்ணிக்கையில் ஆள் சேராமையால் 2013-இல் அது கைவிடப்பட்டது. அதே ஆண்டு, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் தலைமையில் நடந்த ஆய்வொன்று, சிரை குறுகியிருத்தல் நோயாளிகளிடமும், அவர்தம் உடன்பிறந்தாரிடமும், நோயற்றவரிடமும் ஏறத்தாழ ஒரே அளவிற் காணப்படுகிறது என்று தெரிவித்தது. 104 கனடிய நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-இல் வந்தது. பலூன் சிகிச்சைக்கும் போலிச் செயலுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. அவ்வாண்டிலேயே ஸம்போனி அவர்களும் இத்தாலியில் தாம் தலைமையேற்று நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டு, இச்சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று எழுதினார். தாம் தோற்றுவித்த கருத்துக்கு எதிராகத் தாமே சாட்சி கூறிய அவர் செயல் மதிக்கத்தக்கது.

மற்றொரு சிகிச்சை

இதனால் புதிய சிகிச்சைகள் யாவும் பொய் என்று முடிவு கட்டிவிடலாகாது. நோயாளியின் இரத்த மூல அணுக்களைச் சேகரித்து வைத்துக்கொண்டு, கடுமையான மருந்தால் பழுதுற்ற காவற்படையை அழித்து, பின் அந்த அணுக்களை மீண்டும் உடலிற் செலுத்தும் முறை ஒன்று உண்டு. கனடாவின் தலைநகரான ஆட்டவாவில் 24 பேரிடம் இதனைச் செய்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். ஒருவர் சிகிச்சையாலேயே இறந்தார். எஞ்சிய 23 பேருக்கும் நோய் மீண்டும் தாக்கவில்லை. 2019-இல் வெளியான வேறொரு ஆய்வில், இம்முறையில் 55 பேரையும் மருந்து முறையில் 55 பேரையும் ஒப்பிட்டபோது, நோய் முற்றியவர் முதற்பிரிவில் மூவர். மற்றதில் 34 பேர். எனினும் இம்முறை, நோய் அடிக்கடி தாக்கும் ஆரம்ப நிலையினருக்கே பெரிதும் பயன்படுவது. நெடுங்காலம் முற்றிப்போனவருக்கு இதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. ஆயினும் மெக்ஸிக்கோவுக்கும் ரஷ்யாவுக்கும் இதனைத் தேடிச் சென்றவர்களில் இரு வகையினரும் இருந்தனர்.

நிதி திரட்டுவோர் கவனிக்க வேண்டியவை

ஆகவே நம் ஊர்களில் எந்த நோய்க்காயினும் நிதி திரட்ட முற்படுவோர், உண்டியலைக் கையில் எடுக்கும் முன்னரே சிலவற்றை விசாரித்தல் நலம். இச்சிகிச்சை ஒப்பீட்டுச் சோதனையில் தேறியதா? தேறியதாயின், நம் நோயாளி இருக்கும் நிலையினருக்கா? சிகிச்சையை விற்காத வைத்தியர் ஒருவரின் கருத்து என்ன? திரும்பி வந்தபின் காய்ச்சலோ இரத்த உறைவோ நேர்ந்தால் ஊரிலே கவனிப்பவர் யார்? அதற்கெனப் பணம் ஒதுக்கப்பட்டதா? இதே தொகை ஊரிலேயே செலவாயின், ஒழுங்கான மருந்துக்கும், உடற்பயிற்சி வைத்தியத்துக்கும், சக்கர நாற்காலிக்கும், வாசற்படியைச் சரிவாக்குவதற்கும் எத்தனை ஆண்டு வரும்?

திரட்டிய பணம் தனிக் கணக்கில், இருவர் கையொப்பத்தின்மேல் எடுக்கும்படி இருத்தல் வேண்டும். பயணம் நின்றுபோனாலோ பணம் மிஞ்சினாலோ அது யாரைச் சேரும் என்பதை முதலிலேயே எழுதி வைத்தல் வேண்டும். விசாரணையின் முடிவு எதுவாயினும், போவதா இருப்பதா என்ற தீர்மானம் நோயாளிக்கே உரியது. அவர் வீட்டிலேயே தங்க முடிவு செய்தால், அதற்காக ஊரார் கை சுருங்கிவிடக் கூடாது. விமானச் சீட்டுக்கு மனமுவந்து கொடுப்பவர்கள், ஐந்தாம் ஆண்டில் மருந்துச் செலவுக்குக் கொடுப்பதை மறந்துவிடுவது எங்கும் உள்ள வழக்கம். நோயோ ஐந்தாம் ஆண்டிலும் உடன் இருப்பது.

கொடுத்த காசு நோயாளியின் உடலுக்குப் பயன்படுமா என்று கேட்பதை இரக்கமின்மை என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் மீண்டும் நடக்க வேண்டும் என்று விரும்பித்தானே நாம் அதனைக் கொடுக்கிறோம்!