உறைந்த மண்ணின் ஆசாரங்கள்

நார்வே நாட்டின் வட கரைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில், ஆர்க்டிக் சமுத்திரத்தில் சிதறிக் கிடக்கும் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் போகும் பிரயாணிக்கு, அங்குள்ள கட்டுப்பாடுகள் முதற்பார்வையில் அதிகாரிகளின் கெடுபிடியாகவே தோன்றக்கூடும். செருப்பைக் கழற்று, பூவைப் பறிக்காதே, தனியே ஊரெல்லையைத் தாண்டாதே, துருப்பிடித்த ஆணியைக்கூடத் தொடாதே என்று வரும் உத்தரவுகளை நிதானித்து ஆராய்ந்தால், அவற்றில் ஒவ்வொன்றும் அந்த மண்ணின் இயல்பிலிருந்து பிறந்தது என்பது விளங்கும். காரணம் அறிந்தவன் ஆசாரத்தை மனமுவந்து காப்பான் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

தீவுகளின் முக்கிய ஊராகிய லாங்யியர்பியன் 78-ஆம் அட்சரேகையில் இருக்கிறது. பூமியில் இவ்வளவு வடக்கே, சுமார் 2,500 பேர் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் வைத்துக்கொண்டு குடும்பமாக வாழ்வது சாத்தியமாவதற்கு, அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வெதுவெதுப்பான நீரைச் சுமந்து மேற்குக் கரையோரமாக ஏறிவரும் கடல் நீரோட்டமே காரணம். ஆயினும் ஜூலை மாதத்தின் சராசரி வெப்பம் 6, 7 டிகிரி செல்சியஸ்தான். மார்ச்சில் அது பூஜ்யத்துக்கு 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சி ஈரமாகி உடற்சூட்டை வெளியே கடத்திவிடும் என்பதால், உடம்போடு ஒட்டிய உள்ளாடை முதலாகக் கம்பளியே உசிதம்.

ஆனால் காற்றின் குளிரைவிட மண்ணின் குளிரே அந்த ஊரை ஆள்கிறது. பள்ளத்தாக்குகளில் பல பத்து மீட்டர் வரையிலும், மலைகளுக்குள் சில நூறு மீட்டர் வரையிலும் நிலம் வருஷம் முழுவதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் மட்டும் இளகி, மறுபடி இறுகுகிறது. வீட்டை நேரே தரையில் கட்டினால், வீட்டின் வெப்பமே அஸ்திவாரத்தை இளக்கிச் சுவரைச் சாய்த்துவிடும். ஆகையால் வீடுகளை முளைகளின்மேல் உயர்த்தி, அடியில் குளிர்காற்று தாராளமாக உலவ இடம் விட்டிருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் வெப்பக்காப்பு போர்த்திக்கொண்டு தரைக்கு மேலேயே ஓடுகின்றன.

இதே மண் இறந்தவர்களையும் அமைதியாக வைத்திருப்பதில்லை. உறைவதும் இளகுவதுமாகிய அசைவினால் புதைத்த பெட்டி நாளடைவில் மேலே தள்ளப்படுகிறது. எனவே 1950 முதல் சவப்பெட்டிகளை அங்கே புதைப்பதில்லை. ஸ்வால்பார்டில் சாவது சட்டவிரோதம் என்று உலகமெங்கும் சுற்றும் கதைக்கு இதுவே மூலம். அப்படி ஒரு சட்டம் கிடையாது. 1918-இல் விஷக்காய்ச்சலுக்குப் பலியாகி அங்கே அடக்கமான ஏழு இளைஞர்களின் உடலில் அந்நோயின் கிருமி எஞ்சியிருக்குமோ என்று தேடி, 1998-இல் விஞ்ஞானிகள் சிலர் அந்தக் கல்லறைகளைத் தோண்டியதும் உண்டு. மலைச்சரிவில் நிற்கும் அந்த வெண்சிலுவைகளை வேடிக்கைப் பொருளாக்கிப் படம் பிடிப்பது பண்பாகாது. உயிரோடு இருப்பவர்களிலும் கடும் நோயாளியை விமானத்தில் ஏற்றி, கடல் கடந்து ஏறக்குறைய 950 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நார்வேயின் டிரோம்சோ நகருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மீட்புச் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் புறப்படுவது பேதைமை.

காலணியைக் கழற்றும் வழக்கம் நிலக்கரியின் மிச்சம். 1906-இல் லாங்யியர் என்ற அமெரிக்கர் தொடங்கிய சுரங்கத் தொழிலே ஊருக்குப் பெயரும் பிழைப்பும் தந்தது. கரித்தூள் அப்பிய பூட்ஸுகளைத் தொழிலாளிகள் வாசலிலேயே விட்டு உள்ளே வந்தார்கள். நார்வேயின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் 2025-இல் மூடப்பட்டுவிட்டது, வழக்கம் மூடப்படவில்லை. விடுதியிலும் அருங்காட்சியகத்திலும் வாசலருகே பூட்ஸுகள் வரிசையாக நிற்க, வந்தவர்களெல்லாம் காலுறையோடு நடமாடுகிறார்கள். ஓட்டையில்லாத கனத்த காலுறைகளை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

ஊரின் விளிம்பில், கறுப்புத் தளத்தில் வெள்ளைக் கரடி தீட்டிய ஓர் எச்சரிக்கைப் பலகை, இது ஸ்வால்பார்டு முழுவதற்கும் பொருந்தும் என்று அறிவிக்கிறது. அதைத் தாண்டுகிறவன் பனிக்கரடியை விரட்டும் சாதனம் வைத்திருந்தாக வேண்டும். துப்பாக்கியும் அதைக் கையாளும் பயிற்சியும் இல்லாத நாம் அனுபவமுள்ள வழிகாட்டியோடு போவதே முறை. 1973 முதல் பாதுகாக்கப்பட்ட அந்தப் பிராணியிடமிருந்து குறைந்தது 300 மீட்டரும், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டரும் விலகியிருக்க வேண்டுமென்று 2025 முதல் சட்டம் கட்டளையிடுகிறது. தாய்க்கரடி பனிக்குகையிலிருந்து குட்டிகளோடு வெளியே வந்து, கடற்பனிமேல் சீல்களை வேட்டையாடி வருஷத்துக்கு வேண்டிய கொழுப்பைத் தேடிக்கொள்ளும் பருவம் அது. நம் புகைப்பட ஆசைக்காக அதை ஓடவிட்டால், அரும்பாடுபட்டுச் சேர்த்த சக்தி வீணாகிறது. அடர்ந்த ரோமமும் கொழுப்பும் போர்த்த அவ்வுடல், ஓடினால் விரைவில் சூடேறித் தளர்ந்தும் போகும். இந்த விதி இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கரையோரத்தில் பழைய திமிங்கில எலும்பொன்று கிடப்பதைக் கண்டால், சற்றே குனிந்து பாருங்கள். பல தலைமுறைகளுக்கு முன் வேட்டைக்காரர் விட்டுச்சென்ற அந்த எலும்பு, குளிரில் மிக மெல்லச் சிதைந்து தன் சத்தைச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குக் கொடுக்கிறது. சுற்றிலும் வெறுங்கல்லாக இருக்க, அதன் அண்டையில் மட்டும் பாசியும் விரற்கடை உயரப் பூஞ்செடிகளும் பசுமையாக அடர்ந்திருக்கும். எலும்பை நகர்த்தினால் அந்தத் தோட்டமும் அழிந்தது. மனிதர் விட்டுச்சென்ற பொருள் 1946-க்கு முற்பட்டதாயின், அது மரப்பலகையோ ஆணியோ, சட்டப்படி பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னமே. கெடுவதும் மெல்ல, ஆறுவதும் மெல்ல என்ற அந்நிலத்தில், ஈர மண்ணில் வண்டிச் சக்கரம் கீறிய வடு பல பத்தாண்டுகள் கழித்தும் மறைவதில்லை.

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை சூரியன் அஸ்தமிப்பதில்லை. உறக்கத்தைத் தூண்டும் சுரப்பு இருளையே எதிர்பார்ப்பதால், கண்ணை மூடும் பட்டை இன்றியமையாதது. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுவரை சூரியன் உதிப்பதே இல்லை. ஆழ்ந்த துருவ இரவில் நண்பகலிலும் துருவ ஒளியைக் காணக் கூடிய அபூர்வ இடம் இது. சூழ்ந்த மலைகள் மறைப்பதால், கதிர் ஊருக்குள் எட்ட மார்ச் 8 ஆகிவிடும். அன்று பழைய மருத்துவமனையின் படிகளருகே ஊரார் கூட, குழந்தைகள் சூரியனைக் கூவி அழைக்கிறார்கள். பிரயாணத்தை அந்த வாரத்தில் அமைத்துக்கொள்ள முடிந்தவர்கள் பாக்கியசாலிகள்.

இன்னும் வடக்கே நீ-ஓலசுண் என்ற ஆராய்ச்சிக் கிராமத்தில் கைப்பேசியின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிட வேண்டும். தொலைதூர விண்பொருள்களின் நுண்ணிய ரேடியோ அலைகளைக் கொண்டு பூமியின் அசைவை அளக்கும் நிலையம் அங்கே இருப்பதே இதற்குக் காரணம். இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையமும் 2008 முதல் அங்கேதான் இயங்குகிறது. அருகிலுள்ள கடற்கழியில் 2014-இல் நம் விஞ்ஞானிகள் இறக்கிய நீரடி ஆய்வுச் சாதனத்தை உருவாக்கியதில், சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்துக்கும் பங்குண்டு.

ஸ்வால்பார்டுக்குள் நுழைய எவருக்கும் விசா வேண்டியதில்லை. ஆனால் அங்கே போகும் விமானம் நார்வே வழியாகவே செல்வதாலும், நார்வே சேர்ந்துள்ள ஷெங்கன் என்ற ஐரோப்பியக் கூட்டு விசா எல்லைக்கு வெளியே ஸ்வால்பார்டு இருப்பதாலும், திரும்பி வரும்போது மறுபடி நுழைவதாகவே கணக்கு. இந்தியப் பிரயாணிகள் குறைந்தது இருமுறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசாவைக் கேட்டுப் பெற்ற பிறகே டிக்கெட் வாங்க வேண்டும்.