கடன் விற்பனையும் சங்கத்தின் கைப்பணமும்

ஆடிக் கிருத்திகை நெருங்கும் நாட்களில் திருத்தணி வட்டாரத்து நெசவாளர் சங்கங்களுக்கு ஒரு சோதனை வருவதுண்டு. மலைக்குக் காவடிகள் திரள் திரளாக வரும். கடைத்தெருவில் துணி நன்றாகப் போகும். வியாபாரி சங்கத்துக்கு வந்து, "சரக்கைக் கொடுங்கள், கிருத்திகை கழிந்ததும் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்" என்பார். சரக்கு தேங்கிக் கிடக்கும் சங்கம் இதற்கு இணங்காதிருப்பது கடினம். இணங்குவது தவறென்று நாம் கூறவுமில்லை. எவருக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளாமல் இணங்குவதே தவறு.

கடனுக்கு விற்பதென்பது வியாபாரிக்கு நாம் பணம் கடன் கொடுப்பதேயாகும். ஒரு சங்கம் மாதம் 3 லட்சம் ரூபாய்க்குக் கைலி விற்பதாகவும், 60 நாள் தவணை கொடுப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எந்நேரமும் 6 லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். நூலுக்கும் கூலிக்கும் அத்தொகையை மத்திய கூட்டுறவு வங்கியில் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கினால், மாதந்தோறும் 5,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அத்துடன், பட்டியல் போட்ட மாதத்தைக் கொண்டே சரக்கு சேவை வரியும் செலுத்தியாக வேண்டும். பணம் வந்ததா என்று வரி கேட்பதில்லை. இனி, வராமலே போகும் கடனைப் பார்ப்போம். நூறு ரூபாய் விற்பனையில் ஐந்து ரூபாய் மிஞ்சும் சங்கம் 20,000 ரூபாயை இழந்தால், அதை ஈடுசெய்ய மேலும் 4 லட்சம் ரூபாய்க்குத் துணி விற்றாக வேண்டும். எத்தனை தறிகள் எத்தனை நாள் ஓடவேண்டும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரில் பட்டு வியாபாரம் செய்துவந்த டாப்பன் சகோதரர்கள், வெளியூர்க் கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்களித்து, 1837இல் ஏற்பட்ட பணநெருக்கடியில் நொடித்துப் போயினர். அவர்களில் லூயி டாப்பன் என்பவர் அந்த அனுபவத்தையே தொழிலாக்கினார். எந்த ஊர் வியாபாரி நாணயமானவர், எவருக்கு எவ்வளவு சொத்துண்டு என்று ஊர் ஊராகத் தகவல் திரட்டி வணிகர்களுக்கு விற்கும் நிலையமொன்றை 1841இல் நிறுவினார். இன்று வங்கிகள் கடன் கேட்போரின் பழைய கணக்கை விசாரித்து மதிப்பெண் பார்ப்பதும் இதே வழக்கத்தின் தொடர்ச்சிதான். இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர்களும் பிறரும் 1844இல் பண்டகசாலை திறந்தபோது ரொக்கத்துக்கே விற்பதென்று உறுதி பூண்டனர். அதற்குமுன் அதே ஊரில் நடந்த கூட்டுறவுக் கடை கடனால் மூடப்பட்டதை அவர்கள் மறந்துவிடவில்லை. நம் சங்கங்களால் முழுதும் ரொக்கத்திலேயே நடக்க இயலாது. ஆனால் லூயி டாப்பன் செய்ததை, அதாவது விசாரிப்பதை, நாமும் செய்யலாம். நூல் வியாபாரியிடமும் பக்கத்துச் சங்கத்திடமும் இரண்டு வார்த்தை கேட்பதற்குச் செலவொன்றுமில்லை.

கோ-ஆப்டெக்ஸ் அரசு ஊழியர்களுக்குத் தவணையில் துணி விற்பதை உறுப்பினர்கள் அறிவர். அங்கே தவணைத் தொகை சம்பளத்திலேயே பிடித்தம் செய்யப்படுகிறது. கடன் பெறுபவரைக் காட்டிலும் பணம் வரும் வழி உறுதியாயிருப்பதே அதன் பலம். கரும்பு பயிரிடுவோரும் ஆலைக்குக் கடன் கொடுப்பவர்களே என்பதை இங்கே நினைவூட்டுகிறோம். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாட்களுக்குள் விலை வரவேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்து வட்டி கேட்கலாம். துணிக்கும் இதுபோன்ற பாதுகாப்பு உண்டு. முறையாகப் பதிவு செய்துகொண்ட குறு, சிறு உற்பத்தியாளருக்கு, 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கலாகாது. கூட்டுறவுச் சங்கமும் இதில் அடங்கும். பதிவு செய்யாத சங்கத்துக்கு இப்பயன் கிட்டாது. நாம் பார்த்த சில சங்கங்களில் பதிவே நடக்கவில்லை.

சென்ற ஆண்டு இவ்வட்டாரத்துச் சங்கமொன்றின் பேரேட்டைப் புரட்டியபோது, நிலுவையில் முக்கால் பங்கு எல்லைக்கு அப்பாலுள்ள ஒரே வியாபாரியின் பெயரில் நிற்கக் கண்டோம். திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறினாலும் கொடுக்கல் வாங்கல் மாறவில்லை. ஆகவே அதில் வியப்பில்லை. வியப்பளித்தது வேறு. நிலுவையை 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் எனப் பிரித்துப் பார்த்தவர் எவருமில்லை. பிரித்துப் பார்த்ததில், மிகப் பழைய பட்டியலுக்கு இரண்டு ஆண்டு பத்து மாதம் ஆகியிருந்தது. சரக்கு விலைக்கு வழக்கிட 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தரும் கெடு மூன்றே ஆண்டு. அதற்குள் கடனாளி கடனை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். கையொப்பம் இல்லையெனில் கடன் ஏட்டில் மட்டுமே இருக்கும்.

"பதினைந்து வருஷமாக நம்மிடம் வாங்குபவர், ஐயா. கடிதம் கேட்டால் மனம் புண்படுமே" என்றார் காரியதரிசி. அவர் தயங்கியது நமக்குப் புரியாமலில்லை. ஆயினும் அன்று கூலிக்காக வாசலில் ஆறு நெசவாளர்கள் உட்கார்ந்திருந்தனர். நிலுவைத் தொகையைப் பட்டியல்வாரியாக எழுதி, இரு பிரதிகள் எடுத்து, மறுநாட் காலைப் பேருந்தில் அவரை அனுப்பினோம். வியாபாரி கோபித்துக்கொள்ளவில்லை. தம் கணக்கை எடுத்து ஒத்துப் பார்த்து, ஒரு பட்டியலில் பிழை சுட்டிக் காட்டி, மீதிக்குக் கையொப்பமிட்டார். தமக்கும் ஊர்க்கடைகள் பாக்கி வைத்திருப்பதாகச் சொன்னாராம்.

அதன்பின் அவருக்குக் கடன் எல்லையொன்றை நிர்வாகக் குழு தீர்மானித்தது. பழைய பாக்கியில் மாதம் ஒரு தவணை செலுத்தினாலன்றிப் புதுச் சரக்கில்லை. புதுச் சரக்குக்குப் பாதித் தொகை ரொக்கம். இவ்வாண்டுத் தணிக்கையில் பாக்கி பாதியாகக் குறைந்திருந்தது. மீதிக்கு லாபத்திலிருந்து ஐயக்கடன் ஒதுக்கு வைக்கச் செய்தோம். அதனால் பங்காதாயம் குறைந்ததென்று சில அங்கத்தினர்கள் நம்மிடம் வருத்தப்பட்டனர். பொதுக்குழுவில் அக்கணக்கை விரிவாகப் படித்துக் காட்டும்படி காரியதரிசியிடம் கூறிவந்தோம்.