தொழிலாளர் ராஜ்யத்தில் இரகசியப் போலீஸ்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரையில் ஏரியும் வயலுமாகக் கிடந்த பூமியில் இன்று மோட்டார் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்கு அருகிலுள்ள சுங்குவார்சத்திரத்தில், 2024-ம் வருஷம் செப்டம்பர் மாதம், செங்கொடிச் சங்கத்தைச் சேர்ந்த தொழிலாளர் தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். போலீஸார் அவர்களுடைய பந்தலைப் பிரித்தனர். சிலரைக் கைது செய்தனர். ஆயினும் அச்செய்தி உடனே பத்திரிகைகளில் வெளிவந்தது. வழக்கு ஹைக்கோர்ட்டுக்குச் சென்றது. 2025 ஜனவரியில் சங்கமும் பதிவாயிற்று.

இதே கொடியைத் தாங்கிய தொழிலாளர், அக்கொடியே அரசாண்ட தேசத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது நேர்ந்தது என்ன? 1962 ஜூன் 1-ந் தேதி சோவியத் சர்க்கார் மாமிசத்தின் விலையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், வெண்ணெயின் விலையை ஏறத்தாழ கால் பங்கும் உயர்த்தியது. நோவோசெர்காஸ்க் நகரத்து ரெயில் எஞ்சின் தொழிற்சாலையில் கூலியும் முன்னரே குறைக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் வேலையை நிறுத்தினர். மறுநாள் செங்கொடியும் லெனின் படமும் ஏந்தி நகருக்குள் ஊர்வலம் சென்றனர். பட்டாளம் சுட்டது; 26 பேர் மாண்டனர். பின்னர் ஏழு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பிரேதங்களை உற்றாரிடம் கொடாமல் வெவ்வேறு ஊர் இடுகாடுகளில் இரகசியமாகப் புதைத்தனர். கண்டவர்களிடம் வாய் திறப்பதில்லை என்று கையெழுத்து வாங்கினர். ஒரு தலைமுறைக் காலம் அத்தேசத்து ஜனங்களில் பெரும்பாலார் இதனை அறியவே இல்லை.

இத்தகைய மௌனத்தை ஒரே நாளில் உண்டாக்க முடியாது. அதற்கென ஒரு ஸ்தாபனம் நெடுங்காலம் வளர்க்கப்பட்டது. புரட்சி நடந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில், 1917 டிசம்பர் 20-ந் தேதி, ஜெர்ஜின்ஸ்கியின் தலைமையில் "சேகா" என்னும் விசேஷக் கமிஷன் தோன்றியது. சதிகளை ஆராய்வதே அதன் வேலை என்றார்கள். சில மாதங்களில் விசாரணையின்றிச் சுடும் அதிகாரமும் அதற்கு வந்து சேர்ந்தது. ஆபத்துக் காலத்துக்கு மட்டுமே என்று பிறந்த அக்கமிஷன், ஆபத்து நீங்கிய பின்னரும் மறையவில்லை; பெயரை மட்டும் மாற்றிக் கொண்டது. 1922-ல் ஜி.பி.யு. ஆயிற்று, அடுத்த வருஷம் ஓ.ஜி.பி.யு. ஆயிற்று. 1934-ல் உள்நாட்டு இலாகாவாகிய என்.கே.வி.டி.யில் கலந்தது. அதன் பின் ஊர்க் காவல், எல்லைக் காவல், சிறை, கட்டாய உழைப்பு முகாம், ஒற்று ஆகிய யாவும் ஒரே மந்திரியின் கைக்குள் அடங்கின.

பிடிப்பவனும் விசாரிப்பவனும் தண்டிப்பவனும் ஒருவனேயானால் நியாயம் எங்கே நிற்கும்? 1937 ஜூலையில் பிறந்த உத்தரவு, எந்த மாகாணத்தில் எத்தனை பேரைச் சுட வேண்டும் என்று கணக்கே வகுத்துக் கொடுத்தது. 1937, 1938 ஆகிய இரு வருஷங்களில் மட்டும் சுடப்பட்டோர் 6,81,692 பேர் என்று அந்த இலாகாவின் தஸ்தாவேஜுகளே சொல்லுகின்றன. அதனை நடத்திய யாகோடா, யெஷோவ், பெரியா ஆகிய மூவரும் முறையே 1938, 1940, 1953-ம் வருஷங்களில் அதே துப்பாக்கிக்கு இரையாயினர். 1954-ல் கே.ஜி.பி. என்று மறுபெயர் பூண்ட ஸ்தாபனம் 1991 வரை நீடித்தது.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. சென்னையில் பிறந்து, பாரதியாரின் "இந்தியா" பத்திரிகைக்குத் துணை நின்ற எம்.பி.டி. ஆச்சாரியா, 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி அமைந்தபோது அதன் தலைவராயிருந்தவர். எம்.என். ராயுடன் மாறுபட்டு மறு வருஷமே நீக்கப்பட்டார். அவர் பெர்லினுக்கு மீண்டார். போல்ஷ்விக் முறையைக் கண்டித்து எழுதினார். 1954-ல் பம்பாயில் இயற்கை மரணம் எய்தினார். அவருடைய தோழரும் சரோஜினி நாயுடுவின் சகோதரருமான வீரேந்திரநாத் சட்டோபாத்யாயர் ருஷ்யாவில் தங்கினார். 1937 செப்டம்பர் 2-ந் தேதி சுடப்பட்டார். இந்தியாவின் விடுதலைக்காகப் பிரிட்டிஷ் ஒற்றரிடமிருந்து தப்பித் திரிந்த தேசபக்தர், தொழிலாளர் சர்க்கார் என்று நம்பிய இடத்தில் உயிரிழந்தார்.

நாம் மட்டும் குற்றமற்றவர் என்று மார்தட்டுவதற்கில்லை. சுதந்திரம் பெற்று மூன்றாண்டு நிறையுமுன்பே நமது சர்க்கார் தடுப்புக் காவல் சட்டம் இயற்றியது. அச்சட்டப்படி சென்னைச் சிறையில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் 1950-ல் சுப்ரீம் கோர்ட்டில் முறையிட்டார். அவருக்கு விடுதலை கிடைக்கவில்லை. ஆனால் காவலின் காரணங்களைக் கோர்ட்டினின்று மறைக்கும் 14-வது பிரிவு செல்லாதென்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அச்சிறு திறப்பின் அருமையை மாஸ்கோவின் சிறைகளில் கிடந்தவர்களே அறிவார்கள். இன்றும் தடுப்புக் காவல் நம் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றேயிருக்கிறது.

ஆகவே எந்தக் கொடியின் கீழ் நிற்பவராயினும், தேச ஊழியர்கள் ஒன்றை மறத்தலாகாது. எதிர்க் கட்சிக்காரனைக் கணக்கின்றி அடைக்கும் அதிகாரத்தை நல்லவர் கையில்தானே கொடுக்கிறோம் என்று எண்ணி அளிப்போமானால், அது நல்லவரோடு நின்றுவிடாது. ஒரகடத்துத் தொழிலாளிக்கு வேண்டியது தன் பெயரால் ஆளும் போலீஸ் அன்று. அவன் கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட போலீஸே.